இன்னொரு கொக்கி

குனியமுத்தூரில் மெஹராஜின் வீட்டுக்குள் நுழைந்து வலது பக்கச் சுவரைப் பார்த்தால், இது வீடா பஸ் டெப்போவா என்று கேட்கத் தோன்றும். கதவை ஒட்டி நீளமாக ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒன்றில் ஸ்கூட்டர் சாவி. எங்கே விழுந்தாலும் கண்ணில் படட்டும் என்று அதற்கு ஒரு முழம் சிவப்பு நாடா. பக்கத்தில் ஹெல்மெட். அப்புறம் கடைச் சாவி, கருவிப் பை, மூக்குக் கண்ணாடி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான தொப்பி. அத்தனையும் ஒரே ஆளுடையவை. அந்த ஆள் மெஹராஜின் கணவர் பஷீர்.

பஷீருக்கு உக்கடத்தில் கிரைண்டர் ரிப்பேர் கடை. மாவாட்டாத வீடு கோயமுத்தூரில் ஏது? அவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. கெட்டுப்போன கிரைண்டரை ஓடவிட்டு ஃபோனை அதன் பக்கத்தில் பிடிக்கச் சொல்வார். சத்தத்தைக் கேட்டே, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் தேங்காய் வாங்கப் போனவர், பொழுது சாய்ந்த பிறகு ஒரு ஜோடி முயலோடு வந்து நின்றார். தேங்காய் வரவில்லை. அந்த வாரமே மெஹராஜ் முதல் கொக்கியை அடித்தாள். மற்றவையெல்லாம் கூத்துக்கு ஒன்றாகப் பின்னால் வந்து சேர்ந்தவை.

கொக்கியோடு முடிந்துவிடவில்லை. காலையில் அவர் கிளம்புவதற்குள் மெஹராஜ் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேசுவாள். "சாவிங்க" என்பாள். அவர் சாவியை எடுத்த பிறகு, "பைங்க" என்பாள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டும் வீட்டிலேயே நின்றுவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். முக்கியமான சேதி என்றால் அடுப்படியிலிருந்து கத்த மாட்டாள். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் சொல்வாள். மத்தியானம் ஒரு ஃபோன், சாயங்காலம் ஒரு ஃபோன். இதையெல்லாம் அவள் ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. சோறு வடிப்பது போல, துணி காயப்போடுவது போல இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பாரமாக இருந்தது மகள் நஸ்ரியாதான்.

பதினைந்து வயது. பத்தாவது முடித்திருந்தாள். வாய் ஓயாது, ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் இன்னொன்றை ஆரம்பித்து, இரண்டையும் விட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். குளிக்கப் போனவள் துண்டை மறந்திருப்பாள். கணக்குப் பரீட்சையன்று ஹால் டிக்கெட்டைக் காணோம் என்று வீடே தலைகீழானது. கடைசியில் அது ஃப்ரீசரில் ஐஸ் டிரேக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போனவள் கையிலிருந்ததை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்து கேட்டைச் சாத்துகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் பரீட்சையிலும் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டாள். பாஸாகிவிட்டாள் என்பது வேறு விஷயம். மெஹராஜின் நெஞ்சு எரிந்தது எரிந்ததுதான்.

"எல்லாம் திமிருங்க" என்றாள் கணவரிடம். "பெருநாளுக்கு முந்தின நாள் தெருவுல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் மருதாணி போட்டா. சாயங்காலம் உக்காந்தவ, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்கலை. அதுக்கு உக்காரத் தெரியுது, கணக்குக்கு உக்காரத் தெரியாதா?"

அவள் தீர்வும் தயாராக வைத்திருந்தாள். நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம். விடிவதற்கு முன்னால் மணி அடித்தால் உட்கார வேண்டும், மறுபடி மணி அடித்தால்தான் எழ வேண்டும். எப்பேர்ப்பட்ட பிள்ளையும் அங்கே போனால் வழிக்கு வந்துவிடும் என்று ஊரே சொன்னது. ஆள் பிடித்து, கெஞ்சி, பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு இடம் வாங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற புதன்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். நஸ்ரியா முதல் நாள் அழுதாள். அடுத்த நாள் சண்டை போட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அவளைப் போன்ற பெண் பேசாமலிருப்பது வீட்டுக்குள் கரண்ட் போன மாதிரி இருந்தது.

இடையில் பஷீர் ஒரு வேலை செய்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டுக்கு கிரைண்டர் பார்க்கப் போனவர், மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு மகள் ஹாஸ்டலுக்குப் போகிற கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போன இடத்தில் வீட்டுக் கதையை அவிழ்க்காதீர்கள் என்று மெஹராஜ் எத்தனை தரம் சொல்லியும் அவருக்கு அது ஏறியதில்லை. இந்தத் தடவை அது நல்லதாகப் போயிற்று. அந்த வீட்டுக்காரம்மா டாக்டர் ஷ்ரவ்யா, பிள்ளைகளின் மனநல டாக்டர். பெண்ணை ஒருமுறை கூட்டி வாருங்கள் என்றார். கூட்டிப் போனார்கள். டாக்டர் நஸ்ரியாவோடு நிறையப் பேசினார், பள்ளிக்கூடத்தில் விசாரித்தார், சின்ன வயதிலிருந்து கதை கேட்டார். கடைசியில் ஏ.டி.ஹெச்.டி. என்றார்.

"அது என்னங்க, ஃபேன் கம்பெனி பேரு மாதிரி இருக்குது" என்று மெஹராஜ் வீட்டுக்கு வந்து கேட்டாள். சோம்பலுக்கு இங்கிலீஷில் பேர் வைத்தால் அது சோம்பல் இல்லாமல் போய்விடுமா என்பது அவளுடைய கட்சி.

சனிக்கிழமைகளில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கிளினிக்கில் கூடிப் பேசுவார்கள், இரண்டு பேரும் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கண்டிப்பா வாரேனுங்க" என்று பஷீர் அவரிடம் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை காலையில் மெஹராஜ் ஊறப்போட்ட துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் அவருக்கு ஞாபகப்படுத்தத் தவறிவிட்டாள். மதுக்கரையில் ஒரு மெஸ்ஸில் கிரைண்டர் நின்றுபோனதாக ஃபோன் வந்தது. அவர் பறந்துவிட்டார். மெஹராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மெஹராஜுக்குப் பக்கத்தில் தொண்டாமுத்தூர்க்காரம்மா ஒருத்தி, பேர் ராசம்மாள். கடைசிப் பையனுக்காக வந்திருந்தாள். "எங்குளுது குரங்கு ஜாதிங்க, உங்குளுது எப்படிங்க?" என்று கேட்டுத்தான் அறிமுகமே ஆனாள்.

டாக்டர் ஷ்ரவ்யா சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். ஒவ்வொருவரும் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லட்டும் என்றார். மெஹராஜின் முறை வந்தது. ஃப்ரீசர் கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருதாணிக் கதையையும் சொல்லி, "இதுக்கு என்னங்க பதில் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கவனம் இல்லாம இல்லைங்க" என்றார் டாக்டர். "பிடிச்ச விஷயத்துல அது தானாப் போய் ஒட்டிக்குது. வேணுங்கிற இடத்துக்கு அவளாத் திருப்பணும்னா மூளை சீக்கிரம் ஒத்துழைக்காது. வேணும்னே பண்றதில்லை. திட்டுனா பயம் வரும், கவனம் வராது."

"மறதி எல்லாருக்கும்தான் இருக்குதுங்க" என்றாள் மெஹராஜ். விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. "எங்க ஊட்டுக்காரரு இவளுக்கு மேல. தலையைக் கழட்டி வெச்சா அதையும் மறந்துபோடுவாரு. ஆனா ஒருநாளாச்சும் கடையைத் தொறக்காம இருந்திருக்காரா? ஒத்துக்கிட்ட வேலைக்குப் போகாம இருந்திருக்காரா? மனசு வெச்சா முடியுமுங்க."

"அப்படிங்களா. அவரு எப்படிச் சமாளிக்கிறாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவள் போல மெஹராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். கொக்கிப் பலகையைச் சொன்னாள். சிவப்பு நாடாவைச் சொன்னாள். தோளில் கை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வதை, மத்தியான ஃபோனை, சாயங்கால ஃபோனை, டிபன் டப்பாவை ஸ்கூட்டர் ஹேண்டிலிலேயே மாட்டிவிடுவதை, நல்லபடியாக வந்தால் அன்றைக்கே ஒரு வார்த்தை பாராட்டிவிடுவதை எல்லாம் சொன்னாள். பேசப் பேச அவளுக்கே உற்சாகமாக இருந்தது. அவள் வீட்டுக்குள் செய்வதை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

முடித்ததும் டாக்டர், "இதுல உங்க ஊட்டுக்காரரு செய்யறது எதுங்க?" என்றார்.

மெஹராஜ் விரல் விட்டு எண்ணப் போனாள். ஒரு விரல்கூட நீளவில்லை. ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நான் இந்த நாற்காலியில உக்காந்து பெத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது இதைத்தானுங்க" என்றார் டாக்டர். கேலி இல்லை, உண்மையான மரியாதை இருந்தது அவர் குரலில். "ஒரு தடவைக்கு ஒரு விஷயம். கண்ணுல படற இடத்துல பொருள். பக்கத்துல போய்ச் சொல்றது. உடனே பாராட்டறது. மருந்து வேணுமான்னு நான் பார்த்துக்கறேன், அது தனி. ஆனா இது இல்லாம மருந்து மட்டும் போதாது. நீங்களாவே எல்லாத்தையும் கண்டுபிடிச்சு வெச்சிருக்கீங்க. சரிங்க, அந்தப் பலகையில நஸ்ரியாவோட கொக்கி எது?"

"அவளுக்கு எதுக்குங்க கொக்கி?" என்றாள் மெஹராஜ். யோசிக்காமலே வந்த பதில். "அவ பொம்பளப் புள்ள. அவளேதான் பழகிக்கணும்."

சொன்ன பிறகு அது அந்த அறைக்குள் கேட்ட விதம் அவளுக்கே பிடிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று மெஹராஜுக்கு எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போது ராசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க அம்மணி, திங்கக்கிழமை எம்பட மருமகளுக்கு வளைகாப்புங்க. இருக்கிற கிரைண்டரு கடமுடான்னு கத்துது. ஒத்துக்கிட்ட வேலைக்கு வராம இருக்க மாட்டாருன்னு சொன்னீங்களே, நாளைக்கு உங்க ஊட்டுக்காரரை அனுப்பி வையுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் மெஹராஜுக்கு அது சவால் மாதிரியே பட்டது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் டாக்டரோடு மனதுக்குள் சண்டை போட்டாள். அது எப்படி, அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் என் கையில்தான் ஓடுகிறது என்பது போலல்லவா கேட்டுவிட்டார்? பஷீர் என்ன பச்சைக் குழந்தையா? நான் சும்மா கூடமாட நிற்கிறேன், அவ்வளவுதான். நான் இல்லாவிட்டாலும் அவர் போவார், வருவார். உக்கடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். நாளைக்கு ஒரே ஒரு நாள் அவள் வாயைத் திறக்கப் போவதில்லை. தொண்டாமுத்தூருக்கு அவர் தானாகப் போய், தானாக வேலையை முடித்துவிட்டு வரட்டும். அப்புறம் அந்த டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லலாம்.

சாயங்காலம் பஷீர் வந்தார். மீட்டிங்கை மறந்துபோனது அவருக்கு மதுக்கரையில் டீ குடிக்கும்போது ஞாபகம் வந்ததாம். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, கையில் ஒரு பொட்டலம் முறுக்கோடு நின்றார். மெஹராஜ் திட்டவில்லை. நாளைக்குத் தொண்டாமுத்தூரில் வேலை இருப்பதை ஒருமுறை சொன்னாள். "போயிடலாம், மெஹரு" என்றார். ஸ்கூட்டர் சாவியைக் குளியலறை ஜன்னலில் வைத்தார். ஹெல்மெட்டைச் சோபாவுக்கு அடியில் தள்ளினார். வழக்கமாக இவற்றையெல்லாம் பொறுக்கிக் கொக்கியில் மாட்டுவது மெஹராஜின் கடைசி வேலை. அன்று அவள் கைகளைக் கட்டிக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஷீர் உற்சாகமாகத்தான் எழுந்தார். டீயைக் குடித்துவிட்டு, "தொண்டாமுத்தூரு போகணுமல்லோ" என்று அவரே சொன்னார். அடுப்படியில் நின்ற மெஹராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா டாக்டரம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெங்காயத்தை எடுத்தாள்.

பஷீர் கொக்கிப் பலகைக்குப் போனார். தொப்பியைத் தவிர வெறும் பலகை. ஆளைக் காணாத ரயில்வே பிளாட்ஃபாரத்தைப் பார்ப்பது போல அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சாவி தேடப் போனார். வாஷ்பேசின் குழாய் சொட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதை முறுக்கிப் பார்த்தார். ஸ்பேனர் வேண்டும் என்று கருவிப் பையைக் கவிழ்த்தார். பைக்குள் எப்போதோ போட்ட ஒரு பழைய சுவிட்ச் கிடைத்தது. அடடா, இது இங்கேயா இருந்தது என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைக் கழற்ற ஆரம்பித்தார். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மெஹராஜ் வெங்காயத்தை நறுக்கினாள். தேவையானதை நறுக்கி முடித்து, நாளைக்குத் தேவையானதையும் நறுக்கினாள். நாக்கு நுனியில் "சாவிங்க" என்ற வார்த்தை வந்து வந்து நின்றது. ராசம்மாள் வீட்டில் கிரைண்டரைச் சுற்றி ஆட்கள் காத்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அவளுடைய பெருமையெல்லாம் அந்தச் சுவிட்சின் திருகுகளோடு ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் உருண்டது. பாவம் மனிதர், வேண்டுமென்றா செய்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு இளகியது. 'வேண்டுமென்றா' என்ற அந்த வார்த்தை நெஞ்சிலேயே சிக்கிக்கொண்டது. வேண்டுமென்று செய்வதில்லை என்றுதானே அந்த டாக்டரம்மாவும் சொன்னார்? அவர் சொன்னது வேறொருத்தியைப் பற்றி.

அப்போது நஸ்ரியா அறையிலிருந்து வெளியே வந்தாள். ஹாஸ்டல் பெட்டியில் துணி அடுக்கச் சொல்லியிருந்தது. பாதி அடுக்கியிருப்பாள். கையில் ஒரு ஒற்றைச் சாக்ஸ். தரையில் சுவிட்சோடு உட்கார்ந்திருந்த அத்தாவைப் பார்த்தாள். காலியான கொக்கிகளைப் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மெஹராஜ் தலையைக் குனிந்துகொண்டாள்.

நஸ்ரியா சாக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அத்தாவின் பக்கத்தில் குந்தினாள். அவர் தோளில் கை வைத்தாள். அவர் நிமிரும்வரை ஒன்றும் பேசவில்லை.

"அத்தா, சாவி."

"ஆமா கண்ணு, சாவி" என்று எழுந்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு நாடா ஆட வந்தார்.

"ஹெல்மெட்."

சோபாவுக்கு அடியிலிருந்து ஹெல்மெட் வந்தது. அதற்குள் நஸ்ரியா தரையில் கொட்டிக் கிடந்த கருவிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டிருந்தாள். சுவிட்சை மட்டும் எடுத்து, அவர் பார்க்கவே கொக்கி ஒன்றில் மாட்டினாள். "இது இங்கேயே இருக்கும். வந்து பார்த்துக்கலாம்" என்றாள். அவர் அதை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். கிரைண்டர் பெல்ட் எடுத்துக்கொண்டாரா என்று கேட்டாள், எடுக்கவில்லை, எடுத்தார். வாசல் வரை போய், தொண்டாமுத்தூர் எல்லையில் வண்டியை நிறுத்தித் தனக்கு ஒரு ஃபோன் அடிக்கச் சொன்னாள். ஸ்கூட்டர் கிளம்பி, தெருமுனை போய், திரும்பி வந்தது. ஸ்பேனர் வாஷ்பேசினுக்கு அடியில் உருண்டு கிடந்திருந்தது. அவர் திரும்புவதற்குள் அது நஸ்ரியாவின் கையில் தயாராக இருந்தது. அவர் வண்டியை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை அந்தப் பெண். அத்தனை நேரமும் வேறெங்கும் அவள் கண் போகவில்லை.

மெஹராஜ் வெங்காயக் கையோடு வாசலுக்கு வந்தாள். "உனக்கு யாரு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான்." நஸ்ரியா தோளைக் குலுக்கினாள். "தினமும் நீங்க அத்தாவுக்குச் செய்யறதைப் பார்த்துட்டுத்தானே ஸ்கூலுக்குக் கிளம்புவேன். அத்தாவுக்கு ஒவ்வொண்ணாத்தாம்மா சொல்லணும். ரெண்டு சொன்னா முதல்ல சொன்னது வழுக்கிட்டுப் போயிரும். எனக்கும் அப்படித்தான்."

"உனக்கும் அப்படித்தான்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா சோம்பேறின்னு சொல்லுவீங்க." அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கரண்ட் பில் எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னாள். "காலையில அத்தா ஒவ்வொண்ணா எடுக்கறப்ப நானும் பின்னாடி நின்னு என்னுதை ஒவ்வொண்ணா எடுத்துக்குவேன். நீங்க சாவின்னா நான் ஐடி கார்டு. நீங்க பைன்னா நான் தண்ணி பாட்டில். அத்தா சீக்கிரம் கிளம்பிட்டா அன்னைக்கு எல்லாத்தையும் மறந்துருவேன். பரீட்சை அன்னைக்கு அத்தா வெள்ளனே போயிட்டாங்கல்ல." தோளில் கிடந்த சாக்ஸை உருவிக் கையில் சுருட்டினாள். "ஹாஸ்டல்ல அத்தா இருக்க மாட்டாங்க. நீங்களும் அத்தாவுக்குத்தான் சொல்லிட்டு இருப்பீங்க."

மெஹராஜுக்கு அழுகை வந்தது. வெங்காயத்தால் வந்தது என்று சொல்ல வசதியாக இருந்தும் அவள் அப்படிச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகத் தன் கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று, தனக்கில்லாத வார்த்தைகளைத் தனக்காக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீடு, ஒரே வாசல். அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, வலித்தது. தன் மகளைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, கையெல்லாம் வெங்காயம்" என்று நஸ்ரியா நெளிந்தாள், ஆனால் விலகவில்லை.

அடுத்து மெஹராஜ் ஃபோனை எடுத்து நாமக்கல்லுக்குப் போட்டாள். ஹாஸ்டல்காரர் நம்பவில்லை. "அவ்வளவு கெஞ்சி வாங்கினீங்களேம்மா" என்றார்.

"கெஞ்சுனது தப்புங்க" என்றாள் மெஹராஜ். "வேற புள்ளைக்குக் கொடுத்துருங்க. எம் பொண்ணு இங்கேயே படிச்சுக்குவா."

நஸ்ரியா வாயைப் பிளந்து நின்றாள். பிறகு உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தாள். அந்தத் துணி மலை இன்னும் ஒரு வாரத்துக்கு அப்படியேதான் கிடக்கும் என்பது மெஹராஜுக்குத் தெரியும். பரவாயில்லை, அதையும் ஒவ்வொரு துணியாகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமை பஷீரையும் நஸ்ரியாவையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போவதென்றும், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேட்பதென்றும் தீர்மானித்தாள். கணக்கு ஒரே நாளில் இனித்துவிடாது. அவளும் ஒரே நாளில் வாயை அடக்கக் கற்றுக்கொண்டுவிட மாட்டாள். அதையும் டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

மத்தியானம் பஷீரின் ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ராசம்மாள்.

"கிரைண்டரு பூ மாதிரி ஓடுதுங்க. அதோட விடலை, தோட்டத்து மோட்டாரையும் சரி பண்ணிப் போட்டாரு. எம்பட பையன் அவரு பின்னாடியே சுத்திட்டு இருந்தான். நீங்க சொன்னது நெசந்தானுங்க, ஒத்துக்கிட்டா வந்துடறாரு."

"நான் சொன்னது பொய்யிங்க" என்றாள் மெஹராஜ். "இன்னைக்கு அனுப்பி வெச்சது எம் பொண்ணு. அவருகிட்ட ஃபோனைக் கொடுங்க."

"அவரு அப்பவே கிளம்பிட்டாருங்க. ஃபோனைத்தான் மாவு வாளி மேல மறந்துபோட்டாரு."

மெஹராஜ் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். அந்தப் பக்கம் ராசம்மாளும் சிரித்தாள். வளைகாப்புக்கு மூன்று பேரும் வந்து ஃபோனை வாங்கிப் போகும்படி சொல்லிவிட்டு வைத்தாள்.

பஷீர் ஒரு கட்டு இளநீரோடு வந்து சேர்ந்தார். ஹாஸ்டல் இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. நஸ்ரியாவின் தலையைத் தடவினார். மெஹராஜ் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தாள்.

"ஏனுங்க, சுத்தியல்."

அவர் சுத்தியல் எடுக்கப் போனார். போன வழியில் கொக்கியில் தொங்கிய சுவிட்சைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அதைப் பூட்ட ஆரம்பித்தார். மெஹராஜ் அவரை அப்படியே விட்டுவிட்டு, சுத்தியலையும் ஒரு புதுக் கொக்கியையும் தானே எடுத்து வந்து மகளிடம் கொடுத்தாள்.

"நீயே அடி. எங்க வேணுமோ அங்க."

நஸ்ரியா பலகையை மேலும் கீழும் பார்த்து, அத்தாவின் தொப்பிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். முதல் அடி சுவரில் விழுந்தது. இரண்டாவது விரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்ததை அடித்தாள். கொக்கி கோணலாக இறங்கியது. நேராகப் பிடி என்று சொல்ல மெஹராஜுக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை.

நஸ்ரியா பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்து மாட்டினாள். மாட்டிவிட்டுக் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

"விடு கண்ணு" என்றாள் மெஹராஜ்.

விட்டாள். கொக்கி தாங்கியது.